புட்டு எங்கே உடையும்?

"பனி பெய்து நின்று நான்கு நாளாகிவிட்டது. வானம் நீலமாக இருக்கிறது. காற்றுகூட இல்லை. அப்படியிருந்தும் ஒரே ஒருவர் சறுக்கிச் சென்றதும் மலைச்சரிவு முழுவதும் ஏன் பெயர்ந்து விழ வேண்டும்?" வரும் குளிர்காலத்தில் காஷ்மீருக்கு மலையேற்றப் பயிற்சிக்குப் போகவிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார்.

பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு மேலே உள்ள மாணா கிராமத்தருகே சாலைப் பணியாளர் முகாம் புதைந்து எட்டுப் பேர் இறந்தபோது, அந்தப் பகுதியில் கடும் பனிப்பொழிவு இருந்தது. சுமை கூடியது, சரிந்தது என்று நமக்கே புரிகிறது. மாணவர் கேட்பது வேறு வகை. சுமை ஏறி நாளாகிவிட்டது, எல்லாம் அடங்கிவிட்டதுபோல் தெரிகிறது, அதன் பிறகு சரிகிறது. காஷ்மீரின் குல்மார்க்கில், ரோப்கார் ஏறி சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறங்கி, காவலும் கண்காணிப்பும் உள்ள பாதையை விட்டு அபர்வாட் மலையின் பள்ளங்களுக்குள் சறுக்கிப் போகிறவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எதிர்கொள்ளும் கேள்வி இது. 2023 பிப்ரவரியில் அங்கே போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள்.

தமிழில் புல்நுனியில் நிற்பதும் பனிதான், மார்கழி விடியலில் கண்ணை மறைப்பதும் பனிதான். இந்தக் கட்டுரையில் பனி என்று நான் எழுதுவதெல்லாம் வானிலிருந்து விழுந்து தரையில் சேர்ந்து கிடக்கும் வெண்பனியை.

சேர்ந்து கிடக்கும் பனியைக் குவியல் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அது அடுக்கு. குழாய்ப்புட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு, தேங்காய்த் துருவல், மீண்டும் மாவு, மீண்டும் துருவல். வெந்த புட்டைக் குழாயிலிருந்து தள்ளி எடுத்து விரலால் தட்டினால் அது கண்ட இடத்தில் உடையாது. துருவல் இருக்கும் இடத்தில்தான் உடையும். மாவு மாவோடு ஒட்டியிருக்கிறது, துருவல் எதோடும் சரியாக ஒட்டுவதில்லை. மலைமேல் ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு மாவு அடுக்கு. காற்று அடித்துச் சேர்த்த பனி இன்னும் இறுகிப் பலகைபோல் ஆகிவிடும். அந்தப் பலகைக்குக் கீழே துருவல்போல ஒரு நலிந்த அடுக்கு, சில நேரம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில், புதைந்து கிடந்தால் போதும்.

அந்த அடுக்கு எங்கிருந்து வருகிறது? இரண்டு வழிகள் முக்கியம். முதல் வழியை உதகமண்டலத்தில் பார்த்திருப்பீர்கள். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் தலைகுந்தா புல்வெளி வெளுத்துக் கிடக்கும். தரை தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்குக் கதிராக இழந்து காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றின் ஈரம் நீராகாமலே நேரே பனிக்கட்டியாகப் புல்மேல் படிகிறது. பனி மூடிய மலையிலும் இதேதான் நடக்கிறது. அங்கே அது இறகுபோன்ற படிகங்களாக நின்று வளரும். காலை வெயிலில் மினுமினுக்கும் அந்தப் பரப்பு மிக அழகானது. அடுத்த பனிப்பொழிவு அந்த இறகுகளை நொறுக்காமல் மெதுவாக மூடிவிட்டால், அழகு உள்ளே போய் ஆபத்தாகிவிடும்.

இரண்டாவது வழியை விவரிக்கத்தான் நான் இந்தக் கட்டுரைக்கு உட்கார்ந்தேன்.

பனிக்கு அடியில் தரை எப்படி இருக்கும்? கடுங்குளிராக இருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். இல்லை. கோடையில் சேர்த்த வெப்பம் மண்ணில் இருக்கிறது, பூமியின் உள்வெப்பமும் சிறிது சேர்கிறது, மேலே பனி கம்பளியாகப் போர்த்தியிருக்கிறது. அதனால் பெரும்பாலான மலைகளில் பனியின் அடிப்பகுதி பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகிலேயே நிற்கும். மேற்பரப்போ தெளிந்த இரவில் மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கும். பனிக்கட்டிக்கும் ஆவியாகும் குணம் உண்டு. பூஜ்ஜியம் டிகிரியில் அதன் ஆவியழுத்தம் சுமார் 611 பாஸ்கல், மைனஸ் 20 டிகிரியில் சுமார் 103 பாஸ்கல். அடியில் மேலே உள்ளதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஆவி ஏற ஆரம்பிக்கிறது.

அது நேராக மேலே போய்விடுவதில்லை என்பதுதான் வியப்பு. வீடு கட்டும் இடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்கள் இல்லையா, அப்படி நடக்கிறது. ஒரு பனிமணியின் தலையிலிருந்து ஆவி கிளம்புகிறது. சிறு இடைவெளியைக் கடந்து, சற்றே குளிர்ந்த அடுத்த மணியின் அடிவயிற்றில் ஒட்டிப் பனிக்கட்டியாகிறது. அந்த மணியின் தலையிலிருந்து மீண்டும் ஆவி கிளம்பி அதற்கு மேலுள்ள மணிக்குப் போகிறது. ஜப்பானின் ஹொக்கைடோவில் ஜுங்கோ யோஷிடாவும் அவர் குழுவினரும் 1950களில் இதைக் கண்டு, கைமாற்று என்றே விளக்கினார்கள். ஒவ்வொரு மணியும் தலையில் தேய்ந்து அடியில் வளர்கிறது. சில வாரங்களில் பழைய மணி எதுவும் மிச்சமில்லை. அதே பனி, ஆனால் முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டுவிட்டது. உருண்டு ஒட்டிக்கொண்டிருந்த நுண்மணிகளுக்குப் பதிலாக தட்டையான முகங்கள் கொண்ட, கவிழ்த்த கிண்ணம் போன்ற, சில மில்லிமீட்டர் பெரிய படிகங்கள். கையில் அள்ளினால் சர்க்கரைபோல் விரலிடுக்கில் ஒழுகும். மலைக்காரர்கள் அதைச் சர்க்கரைப் பனி என்றே அழைக்கிறார்கள்.

வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருந்தால் இதற்கு நேர்மாறாக மணிகள் உருண்டு, தொடும் இடங்களில் கழுத்துபோலப் பாலம் வளர்ந்து, பனி உறுதியாகும். எல்லைக்கோடு, தோராயமாக, 10 சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். மேற்பரப்பு மைனஸ் 15, அடி பூஜ்ஜியம். பனியின் ஆழம் 3 மீட்டர் என்றால் 10 சென்டிமீட்டருக்கு அரை டிகிரிதான், பனி இறுகுகிறது. ஆழம் அரை மீட்டர் என்றால் 10 சென்டிமீட்டருக்கு மூன்று டிகிரி, பனி சர்க்கரையாகிறது. பனி குறைவாகப் பெய்த ஆண்டின் மெல்லிய போர்வைதான் மோசமான அடித்தளம்! பனி மிகுதியாகப் பெய்யும் பீர் பஞ்சால் தொடரைவிட, குளிரும் வறட்சியும் மிகுந்த காரகோரம் பக்கம் இந்தச் சர்க்கரை அடுக்கு அதிகம் காணப்படுவதற்கு இதுவே காரணம். மாணவரின் நீல வானத்துக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அந்தத் தெளிந்த நாட்களில், தெளிந்த இரவுகளில், மலை சும்மா இருக்கவில்லை. பனிக்குள் சட்டி கைமாறிக்கொண்டே இருந்தது.

இனி சரிவு. பலகையின் எடையைச் சர்க்கரை அடுக்கு தாங்கி நிற்கிறது. சறுக்குபவரின் எடை ஓரிடத்தில் கூடுகிறது. அங்கே படிகங்கள் நொறுங்கி அடுக்கு சில மில்லிமீட்டர் அமிழ்கிறது. பலகை வளைகிறது. வளைந்த பலகை பக்கத்துப் படிகங்களை அழுத்தி அவற்றையும் நொறுக்குகிறது. இப்படியே முறிவு நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 100 மீட்டரையும் தாண்டக்கூடும் என்று 2022இல் ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். சமதளத்தில் இது நடந்தால் காலடியில் 'உம்ம்ப்' என்று ஓர் அமுங்கல் ஒலி கேட்டு, எல்லாம் அதோடு நின்றுவிடும். அதே முறிவு 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவை எட்டினால் பலகை முழுவதும் கழன்று இறங்கும். பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 டிகிரிக்குள் நடப்பவை. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அவ்வப்போது உதிர்ந்துவிடுகிறது, பெரிதாகச் சேர்வதில்லை.

எடையின் தாக்கம் ஆழம் போகப் போகக் குறையும். ஆகவே பலகை கனமாக உள்ள இடத்தில் நான்கு பேர் தப்பிப் போவார்கள். ஐந்தாமவர் பாறை எட்டிப் பார்க்கும் மெல்லிய இடத்தில் கால் வைப்பார், ஐவருக்கும் பொதுவான சரிவு இறங்கும். முன்னே போனவரின் தடத்தைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

இதை முன்கூட்டி அறிய இன்றுவரை மண்வெட்டிக்கு மாற்று இல்லை. போகவிருக்கும் சரிவைப் போலவே சாய்வும் திசையும் உள்ள, ஆனால் பாதுகாப்பான ஓரிடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் குழி தோண்டி அதன் சுவரைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கையும் கையால் அழுத்தி உறுதி பார்க்கிறார்கள். மூடிய கை உள்ளே போனால் மிக மென்மை, பிறகு நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கடைசியில் கத்தி மட்டுமே நுழையும் கடினம். கத்தி அளவுக்கு இறுகிய பலகைக்குக் கீழே கை முழுவதும் நுழையும் அடுக்கு இருந்தால் அங்கே கவலை தொடங்குகிறது. பிறகு சரிவின் குறுக்கே 90 சென்டிமீட்டர், மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு பனித்தூணை வெட்டித் தனியாக்குகிறார்கள். ஒரு முனையில் மண்வெட்டியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. ஓர் அடுக்கு நொறுங்கியதா என்பது பாதிக் கேள்விதான். தட்டிய முனையில் தொடங்கிய முறிவு, தட்டாத மறுமுனை வரை தானாக ஓடியதா என்பதே மீதி. ஓடினால் அந்தச் சரிவில் இறங்கக் கூடாது. ஓடாவிட்டால்? அந்த 90 சென்டிமீட்டரில் ஓடவில்லை, அவ்வளவுதான். 20 மீட்டர் தள்ளி நிலைமை வேறாக இருக்கலாம். அனுபவசாலிகள் குழியை 'போகலாம்' என்று சொல்லவைப்பதில்லை, 'வேண்டாம்' என்று சொல்ல மட்டுமே அனுமதிக்கிறார்கள்.

ஒரு குழி போதாது என்பதால்தான் நாடளாவிய முன்னறிவிப்பு தேவைப்படுகிறது. ஐரோப்பாவில் ஆபத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்து அறிவிக்கிறார்கள். அதிக உயிர்கள் போவது ஐந்தாம் நிலையில் அல்ல, மூன்றாம் நிலையில். ஐந்தில் யாரும் வெளியே போவதில்லை, மூன்றில் 'பார்த்துப் போகலாம்' என்று தோன்றுகிறது. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்துக்குத் தானியங்கி நிலையங்களோடு சுமார் 200 மனிதப் பார்வையாளர்களும் தகவல் அனுப்புகிறார்கள். நம் நாட்டில் 1969இல் மணாலியில் தொடங்கிய பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 2020இல் வேறொரு பாதுகாப்புத்துறை ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு இன்றும் எச்சரிக்கைகள் வெளியிடுகிறது. ராணுவத்துக்கு அது செய்துவரும் பணி பெரிது. ஆனால் செயற்கைக்கோள் படத்தில் புதைந்த சர்க்கரை அடுக்கு தெரியாது. மலைக்கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்து வாரம் இரண்டு குழி தோண்டவைப்பது, கருவிகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. அதை ஆராய்ச்சிச் செலவாக மதிக்க நாம் கற்றுக்கொள்ளவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இன்னொரு வருத்தம் நம் செய்திகளில் தவறாமல் வரும் 'இயற்கையின் சீற்றம்' என்ற தொடர். மலையில் உரக்கக் கத்தினால் பனி சரியும் என்பது ஒரு மூடநம்பிக்கை, குரலின் அழுத்தம் அதற்குப் போதவே போதாது. ஆனால் 'சீற்றம்' அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை. பொழுதுபோக்காகப் பனிமலைக்குப் போய் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலானோரை மூடிய சரிவு, அவர்களாலோ உடன் வந்தவர்களாலோ கிளப்பப்பட்டது. 1959இல் ரஷ்யாவின் யூரல் மலையில், டியாட்லோவ் கணவாயில், கூடாரத்தை உள்ளிருந்து கிழித்துக்கொண்டு ஓடிய ஒன்பது பேர் இறந்தபோது, வேற்றுக்கிரகவாசி முதல் பேய் வரை அறுபது ஆண்டு பேசினார்கள். 2021இல் கோம், புஸ்ரின் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்கைக் காட்டினார்கள். கூடாரம் போடுவதற்காக அந்த ஒன்பது பேர் சரிவை வெட்டியிருந்தார்கள், இரவெல்லாம் காற்று மேலே பனியைச் சேர்த்தது, கீழே நலிந்த அடுக்கு இருந்திருந்தால் பல மணி நேரம் கழித்துச் சிறிய பலகை ஒன்று கழன்று விழுந்திருக்க முடியும். அந்த இரவின் எல்லாப் புதிருக்கும் அது விடையல்ல என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த நேர்மையும் பிடிக்கும்.

மாணவருக்கு: புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அதன்பின் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. ஆகவே 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தேடுகருவி, பனிக்குள் குத்தித் தேடும் குத்துக்கழி, மண்வெட்டி மூன்றும் உங்கள் முதுகிலும் நண்பர் முதுகிலும் இருக்கட்டும். கூடவே ஒரு நல்ல வெப்பமானி எடுத்துச் செல்லுங்கள். முதல் குழியில் அடியிலிருந்து மேல்வரை 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். எந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு மேல் தாவுகிறது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.