குறைந்த விலையில் கேம் கன்ட்ரோலர்: முதலில் இடது கட்டைவிரலின் இடத்தைப் பாருங்கள்

சண்டை ஆட்டங்களுக்கோ அந்தக் காலத்து ஆட்டங்களுக்கோ கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, இடது கட்டைவிரல் உட்காரும் சிலுவை வடிவப் பொத்தானை. டி-பேட் என்கிறோமே, அதுதான். விளக்கு எரிகிறதா, அதிர்கிறதா, வயர் இல்லாமல் ஓடுகிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசியும் கேம் சாதனங்களும் பழுதுபார்ப்பது என் தொழில். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மேசை நிறைய கன்ட்ரோலர்கள் வந்துவிடும். அவற்றில் நிறைய, வாங்கிய அன்றே அந்த ஆட்டத்துக்குப் பொருந்தாமல் இருந்தவை. திறந்து பார்த்தால் எதுவும் கெட்டிருக்காது.

இங்கே பல குடும்பங்கள் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்கு வந்தவை. அப்பா செம்பனை ஆலையிலும் அம்மா ஈப்போ பக்கத் தொழிற்சாலையிலும் வேலை செய்வார்கள். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். அசல் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்ட்ரோலர் ஒன்று 300 ரிங்கிட்டை ஒட்டி நிற்கும்போது, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 40 ரிங்கிட்டுக்குக் கிடைப்பதைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்த 40 ரிங்கிட்டை வருடத்துக்கு மூன்று முறை கொடுக்கிறார்கள். அதற்குத்தான் எனக்கு மனம் கேட்பதில்லை. அதே பணத்தில் நான்கைந்து வருடம் உழைக்கிற ஒன்றை வாங்க முடியும்.

டி-பேட் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ரியூ என்ற வீரன் நெருப்புருண்டை வீச வேண்டுமானால் கீழே, கீழ்-வலது, வலது என்று விரலைக் கால்வட்டமாக உருட்டிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். இதில் சிக்கல் அந்த நடு நிலையில், கீழ்-வலதில் இருக்கிறது. டி-பேடுக்குள் மூலைத் திசைக்கென்று தனிப் பொத்தான் கிடையாது. சிலுவையின் நான்கு கைகளுக்கும் கீழே ரப்பர் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொரு குமிழின் அடியிலும் கருப்பாக ஒரு கரித் துண்டு. அது சர்க்யூட் பலகையைத் தொட்டால் மின்சாரம் பாயும். கீழ்க் குமிழும் வலக் குமிழும் ஒரே நேரத்தில் தொட்டால் அது கீழ்-வலது. சிலுவையின் நடுவில் ஒரு சிறிய முளை இருக்கும், முழுச் சிலுவையும் அதன் மேல்தான் ஆடுகிறது. முளை குட்டையாக இருந்தால், நீங்கள் வலது மட்டும் அழுத்தும்போதே கீழும் சேர்ந்து அழுந்திவிடும். ரப்பர் விறைப்பாக இருந்தால் மூலைத் திசை வரவே வராது. மலிவான நகல்களில் இந்த முளையின் உயரத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

பிள்ளைகளுக்கு இது தெரியாது. நெருப்புருண்டை வரவில்லை என்றால் தன் கை சரியில்லை என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்துவார்கள். கட்டைவிரல் நுனி கொப்பளித்து வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். "தம்பி, உன் கையில் குறையில்லை, இந்தப் பொருள்தான் சரியில்லை" என்று சொன்னால்தான் முகம் தெளியும்.

பழைய ஆட்டங்களிலும் இதே கதைதான். மைக்ரோ ஜீனியஸ் பெட்டியில் விளையாடி வளர்ந்தவர்களுக்குக் கோன்ட்ரா ஞாபகம் இருக்கும். வலப்பக்கம் ஓடிக்கொண்டே சுடும்போது விரல் லேசாகச் சரிந்தாலும், மட்டமான டி-பேடில் துப்பாக்கி மேலேயோ கீழேயோ திரும்பிவிடும். டெட்ரிஸில் கட்டையை ஓரத்துக்குத் தள்ளும்போது அது சர்ரென்று கீழே இறங்கிவிடும்.

இதைச் சோதிப்பது சுலபம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஜே-ஓ-ஒய் புள்ளி சி-பி-எல் என்று தட்டினால் கன்ட்ரோலர் சோதனைப் பக்கம் திறக்கும். வலது திசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரலை எடுக்காமல் மேலும் கீழுமாக மெதுவாக ஆட்டுங்கள். லேசான ஆட்டத்துக்கே மூலைத் திசை காட்டினால் அது சண்டை ஆட்டத்துக்கு உதவாது. அப்புறம் விரலை முழு வட்டமாக இரண்டு பக்கமும் உருட்டுங்கள். எட்டுத் திசையும் வரிசையாக வர வேண்டும், எதுவும் விடுபடக் கூடாது. கணினி இல்லாவிட்டால் கோன்ட்ராவிலேயே ஓடிப் பார்க்கலாம்.

குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும் அனலாக் ஸ்டிக் பற்றி அதிகம் கேட்கிறார்கள். இருபரிமாணச் சண்டை ஆட்டங்களுக்கும் ஃபேமிகாம், மெகா டிரைவ் காலத்து ஆட்டங்களுக்கும் அது தேவையே இல்லை. நின்டெண்டோ 64 மாதிரி அதை நம்பியே செய்யப்பட்டவற்றுக்குத்தான் வேண்டும். ஸ்டிக் இருந்தால் அதன் சென்சாரைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்டிக்குக்குள் ஒரு கரிப் பட்டையின் மேல் சிறு உலோகக் கை உரசிக்கொண்டே இருக்கும். பட்டை தேய்ந்ததும், தொடாமலேயே திரையில் உள்ள ஆள் தானாக நடக்கத் தொடங்குவார். ஹால் எஃபெக்ட் என்று போட்டிருப்பவை காந்தத்தை வைத்து அளக்கின்றன, சென்சாரில் உரசல் கிடையாது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சேகா 1998இல் வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இருந்தது. இப்போது 100 ரிங்கிட்டைச் சுற்றியுள்ள பொருள்களிலும் வருகிறது.

வலப்பக்கப் பொத்தான்கள் எத்தனை வேண்டும் என்பது நீங்கள் எதை விளையாடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு மூன்று குத்து, மூன்று உதை, மொத்தம் ஆறு. அதனால்தான் 1993இல் சேகா ஆறு பொத்தான் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. டெக்கனுக்கு நான்கு போதும், ஒரு கைக்கு ஒன்று, ஒரு காலுக்கு ஒன்று. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் வரிசைக்கும் நான்குதான். வீட்டில் டெக்கன் மட்டும் ஓடுகிறது என்றால் ஆறு பொத்தானுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

நூற்றுக்கணக்கான ரிங்கிட் விலையில் ஆர்கேட் ஸ்டிக், அதாவது நெம்புகோலும் பெரிய பொத்தான்களும் உள்ள பெட்டி, வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஒரு விஷயம் சொல்லுங்கள். 2014இல் அமெரிக்காவில் நடந்த ஈவோ என்ற சண்டை ஆட்டப் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற பிரான்ஸ் நாட்டு ஆட்டக்காரர் லஃபி, ஆடியது முதல் பிளேஸ்டேஷன் காலத்துப் பழைய கன்ட்ரோலரில். அடாப்டர் வைத்து இணைத்திருந்தார். அந்தக் கன்ட்ரோலரின் டி-பேடும் பொத்தான்களும் ரப்பர் குமிழ் வகைதான். குமிழ் நல்லதாக இருந்தால் உலகப் பட்டமே வாங்கலாம்.

வயர் உள்ளதா, இல்லாததா? சண்டை ஆட்டம்தான் முக்கியம் என்றால், கையில் காசு குறைவு என்றால், யோசிக்காமல் வயர் உள்ளதை வாங்குங்கள். இந்த ஆட்டங்கள் விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடுகின்றன. ஒரு பிரேமுக்குச் சுமார் 16.7 மில்லி விநாடி. எதிராளி பிடித்துத் தூக்குவதை உடைக்க, தடுக்க, திருப்பியடிக்க எல்லாமே சில பிரேம்களுக்குள் நடந்தாக வேண்டும். மட்டமான புளூடூத் சில்லு ஒன்றிரண்டு பிரேமை விழுங்கிவிடும். அதைவிட, பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் போகும் காசு 50 ரிங்கிட் பொருளில் எங்கிருந்து வரும்? டி-பேடிலும் ரப்பரிலும் பிடித்துத்தான். வயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால் யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை பெரும்பாலும் புளூடூத்தைவிட நன்றாக ஓடும். ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் கேம் மோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் படம் பல பிரேம் தாமதமாக வரும்போது, கன்ட்ரோலரை மாற்றி என்ன பயன்?

அடுத்து, எதில் செருகப் போகிறீர்கள்? பாதிச் சண்டை இங்கேதான். பிஎஸ்4-இல் சோனி உரிமம் இல்லாத கன்ட்ரோலர்கள் பல, சுமார் 8 நிமிடம் ஆனதும் தானாகத் துண்டிக்கும். கடைக்காரர் முன்னால் நன்றாக ஓடிய பொருள் வீட்டுக்குப் போய்ச் செயலிழப்பதற்கு இதுதான் காரணம், பழுது இல்லை. பிஎஸ்4 கன்ட்ரோலரைப் பிஎஸ்5-இல் இணைத்தால் பிஎஸ்4 ஆட்டங்களை ஆடலாம், பிஎஸ்5 ஆட்டங்களை ஆட முடியாது. டெக்கன் 8 பிஎஸ்4-க்கு வரவில்லை என்பதால் அந்த வழி அதற்கு அடைபட்டுவிடும். எக்ஸ்பாக்ஸில் 2023 நவம்பரிலிருந்து அங்கீகாரம் இல்லாத துணைக்கருவிகளை மைக்ரோசாஃப்ட் தடுக்கிறது. கணினியும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும்தான் இரக்கமுள்ளவை. கணினிக்கு எக்ஸ்-இன்புட் முறையில், அதாவது விண்டோஸ் அதை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகவே எடுத்துக்கொள்ளும் முறையில், ஓடுவதை எடுங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளின் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் பழைய எமுலேட்டர்களுக்காக, முந்தைய முறையான டி-இன்புட்டுக்கும் மாறக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

என்னிடம் பெயர் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவை. கணினி, நின்டெண்டோ ஸ்விட்ச், கைப்பேசி என்றால் 8பிட்டு நிறுவனத்தின் எம்30. மெகா டிரைவ் பாணியில் வலப்பக்கம் ஆறு பொத்தான், ஸ்டிக் கிடையாது. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கும் சேகா ஆட்டங்களுக்கும் அளந்து தைத்ததுபோல இருக்கும். எல்லா வகை ஆட்டத்துக்கும் ஒன்றே வேண்டும் என்றால் அதே நிறுவனத்தின் அல்டிமேட் 2சி, ஸ்டிக்கில் ஹால் எஃபெக்ட் உண்டு. பிளேஸ்டேஷன் என்றால் ஹோரியின் ஃபைட்டிங் கமாண்டர், உரிமம் பெற்றது, விலை சற்றுக் கூடும், கிடைத்தால் விடாதீர்கள். எதுவானாலும் முன்னால் சொன்ன உருட்டுச் சோதனையைச் செய்யாமல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிஎஸ்4-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4-இன் நகல்கள் நம் ஊரில் எங்கு பார்த்தாலும் கிடைக்கின்றன. அசலில் நடுவில் உள்ள டச் பேடில் விரலை நகர்த்தினால் வேலை செய்யும், ஹெட்போன் செருகினால் சத்தம் வரும், உள்ளே 1000 எம்ஏஎச் பேட்டரி இருக்கும். நகல்களில் டச் பேட் வெறும் பொத்தானாகவே இருப்பதையும், சுண்டுவிரல் அளவு பேட்டரி ஒட்டியிருப்பதையும் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

மலிவான ஆர்கேட் ஸ்டிக் பற்றியும் எச்சரிக்கை தேவை. பெட்டி எடை குறைவாக இருந்தால் மடியில் நிற்காமல் நழுவும். உள்ளே இருக்கும் பலகையில் ஜீரோ டிலே, அதாவது தாமதமே இல்லை, என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம், தாமதம் இருக்கிறது. கைவேலை தெரிந்த பையன்களுக்கு நான் காட்டும் வழி வேறு. ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்னப் பலகை 2021இல் 4 டாலருக்கு வந்தது. அதில் இலவசமாகக் கிடைக்கும் ஜிபி2040-சிஇ மென்பொருளை ஏற்றி, 30 மில்லிமீட்டர் பொத்தான்களை இணைத்தால் வேகமான கன்ட்ரோலர் தயார். பெட்டிக்குப் பலகைத் துண்டு போதும். சால்டரிங் பழகவும் இதைவிட நல்ல பாடம் இல்லை. கணினிக்கு இப்படியே ஓடும், பிஎஸ்5-க்குக் கூடுதல் கருவி வேண்டும்.

பழுது என்று வருவதில் பாதிக்கு நானே தேவையில்லை. பொத்தான் அழுந்தவில்லை என்றால் திருகாணியைக் கழற்றி, கரித் துண்டையும் பலகையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றும், பீசாங் கோரேங் சாப்பிட்ட கையும்தான் முக்கால்வாசிக் காரணம். டபிள்யூடி-40 அடிக்கவே அடிக்காதீர்கள், எண்ணெய் படிந்து தூசி சேரும். அதேபோல, சார்ஜ் ஏறவில்லை என்று வரும் டைப்-சி கன்ட்ரோலர்களைப் பழைய அகல முனை யூஎஸ்பி கேபிளில் போட்டுப் பாருங்கள். மலிவுப் பொருள்களில் டைப்-சி முனைக்கு வேண்டிய இரண்டு சிறிய ரெசிஸ்டர்களைப் போடாமல் விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜர் மின்சாரமே அனுப்பாது. பொருள் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு.

இணையத்தில் வாங்கும்போது வெளிநாட்டு விற்பனையாளர் என்றால், 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட்டுக்குக் குறைவான பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, கணக்கில் சேருங்கள். வயர் இல்லாத கருவியில் எம்சிஎம்சி என்ற தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் காணொளி எடுங்கள். பொருள் கிடைத்தது என்று உறுதி செய்யும் முன் டி-பேடைச் சோதித்து, பிஎஸ்4 என்றால் குறைந்தது கால் மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள். சரியில்லை என்றால் அந்தக் காணொளியோடு திருப்பி அனுப்பலாம். உள்ளூர்க் கடைக்காரர் பணம் தர மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை, ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.