வெள்ளை மண்ணும் இரண்டு காற்றும்

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலை ஒட்டிய பகுதியில் இருக்கிறது ஹெரேஸ். இந்த ஊர்ப்பெயர் ஆங்கிலேயர் வாயில் புகுந்து திரிந்ததால் இப்பகுதி ஒயினுக்குக் கிடைத்த பெயர்தான் ஷெர்ரி. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு இலையுதிர் காலத்துக்கும் வசந்தத்துக்கும் இடையே கொட்டித் தீர்ந்துவிடும். திராட்சை காய்த்துப் பழுக்கும் கோடையில் மழை அநேகமாக இல்லை. வெயில் சில நாள் 40 டிகிரியைத் தொடும். காலங்காலமாக நடப்பதோ மானாவாரி விவசாயம். அப்படியானால் கொடி எதைக் குடித்துப் பிழைக்கிறது?

மண் சேமித்து வைத்த மழையைத்தான். அல்பரீசா என்பது அந்த மண்ணின் பெயர். கோடையில் பார்த்தால் கண் கூசும் வெள்ளை. வெகுகாலத்துக்கு முன் இந்நிலம் கடலடியாக இருந்தபோது சுண்ணாம்பும் களிமண்ணும் டயாட்டம் என்ற நுண்பாசிகளின் கூடுகளும் படிந்து உருவானது. நுண்துளைகள் நிறைந்த இந்த மண், குளிர்கால மழையைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும். வெயில் ஏறியதும் மேற்பரப்பு இறுகி ஓடுபோல மூடிக்கொள்ள, அடியில் உள்ள ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். அந்த ஈரத்தைத் தேடி வேர்கள் பல மீட்டர் ஆழம் இறங்கும். மண் மட்டும் போதாதென்று மனிதர்களும் கைகொடுக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் கொடி வரிசைகளுக்கு இடையே நீள்சதுரப் பாத்திகள் வெட்டி, சரிவில் ஓடிவரும் மழைநீரை அங்கேயே நிறுத்துகிறார்கள். வசந்தத்தில் மறுபடி நிரவிவிடுகிறார்கள்.

சுண்ணாம்பு மண்ணின் சுவை ஒயினில் தெரிகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வேர் சுண்ணாம்பை உறிஞ்சிப் பழத்தில் கொண்டுபோய் வைப்பதில்லை. கொடிக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது என்பதை மண் தீர்மானிக்கிறது. அதுவே பெரிய வேலை.

இனிக் காற்று. கிழக்கிலிருந்து வரும் லெவாந்தே சூடானது, வறண்டது, பழத்தைச் சுண்டவைக்கும். மேற்கே கடலிலிருந்து வரும் பொனியெந்தே ஈரமும் குளிர்ச்சியும் கொண்டுவரும். (தமிழில் கோடை என்றால் சூடான மேல்காற்று, கொண்டல் என்றால் ஈரமான கீழ்காற்று. அங்கே எல்லாம் தலைகீழ்.)

பாலோமினோ என்ற இப்பகுதித் திராட்சைக்கு மணமும் குறைவு, புளிப்பும் குறைவு. அதன் ஒயினுக்கு ஒரு முகம் கிடைப்பது பீப்பாயில்தான். 600 லிட்டர் பீப்பாயில் 500 லிட்டர் அளவுக்குத்தான் ஊற்றுவார்கள். மீதி இடம் காற்றுக்கு. ஒயினின் மேல் ஈஸ்ட் செல்கள் மிதந்து ஒன்றோடொன்று பின்னி வெண்படலமாகப் படரும். இதன் பெயர் ஃப்ளோர், ஸ்பானிய மொழியில் பூ. பூசணத்தைப் ‘பூத்துவிட்டது’ என்று சொல்லும் நமக்கு இது விநோதமாக இராது.

சர்க்கரை தீர்ந்துபோன ஒயினில் இந்த ஈஸ்ட் ஆல்கஹாலையும் கிளிசராலையும் தின்று, ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு வாழ்கிறது. ஆக்சிஜன் கீழே போகாததால் ஒயின் வெளிர்நிறம் மாறாது. பதிலுக்கு ஈஸ்ட் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளை வெளியிடும். பாதாமையும் நறுக்கிய ஆப்பிளையும் நினைவூட்டும் வாசனை அதில் வருகிறது. ஆல்கஹால் 15 சதவீத அளவில் இருந்தால் படலம் செழிக்கும். 17க்கு ஏற்றினால் செத்துவிடும். பிறகு ஒயின் காற்றுப்பட்டுப் பழுப்பேறி ஒலோரோசோ என்ற ஷெர்ரி வகை ஆகும்.

இந்த ஈஸ்டுக்கு மிதமான குளிர்ச்சியும் காற்றில் ஈரமும் வேண்டும். அதனால்தான் ஹெரேஸின் ஒயின் கிடங்குகளுக்குக் கோயில்போல உயர்ந்த கூரை, தடித்த சுவர், கடல்காற்று நுழைய உயரத்தில் ஜன்னல். கோடையில் மணல் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். இவ்வளவு செய்தும் கடும் வெயிலிலும் குளிரிலும் ஹெரேஸில் படலம் மெலிந்துபோகும். குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கும் சான்லூகாரில் பொனியெந்தே நேராக வந்து மோதுவதால், ஆண்டு முழுக்கப் படலம் தடித்தே இருக்கும். அதே திராட்சை, அதே வெள்ளை மண். ஆனால் ஃப்ளோரின் கீழ் ஹெரேஸில் முதிர்ந்தால் அது ஃபினோ. சான்லூகாரில் முதிர்ந்தால்தான் மன்சானியா என்று பெயரிட விதி அனுமதிக்கிறது.