கோயிலும் சர்ச்சும் மசூதியும் வேலைப் பயிற்சிக்கு அரசுப் பணம் வாங்கலாமா? அமெரிக்க விதி சொல்வது

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர், ஒரு சர்ச். கீழ்த்தளத்தில் பெரிய கூடம், வாரத்தில் ஐந்து நாள் பூட்டியே கிடக்கிறது. சபையில் வெல்டிங் தெரிந்தவர் இருக்கிறார். கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார். இரண்டு தெரு தள்ளி, ஆலை மூடியதில் வேலை போனவர்கள் இருக்கிறார்கள். ‘அரசாங்கம் வேலைப் பயிற்சிக்கு இவ்வளவு பணம் ஒதுக்குகிறதே, நாம் கேட்டால் தருமா?’ என்று கமிட்டியில் ஒருவர் கேட்பார். ‘மதத்தையும் அரசையும் பிரித்து வைத்திருக்கிற நாடு இது, நமக்கெங்கே தரும்’ என்று இன்னொருவர் பேச்சை முடித்துவிடுவார்.

இரண்டாமவர் சொல்வது தவறு. கேட்கலாம், தகுதி இருந்தால் கிடைக்கும். சர்ச் என்று எழுதினாலும் கோயில், மசூதி, குருத்வாரா எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சட்டம் எந்த மதத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனால் பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் சிக்கல்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. கத்தோலிக்க, லூத்தரன் சபைகளோடு தொடர்புடைய சேவை நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகவே அரசு மானியம் வாங்கி வருகின்றன. அவை தனி லாபநோக்கற்ற நிறுவனங்களாகப் பதிவு செய்துகொண்டு, மத வேலையை வேறாக வைத்து நடந்தவை. சபையே, தன் மத அடையாளத்தோடு, நேராக வந்து கேட்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எழுதி வைத்தது 1996-இல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி கிளின்டன் கையெழுத்திட்ட சமூக நல சீர்திருத்தச் சட்டத்தில் 104-ஆவது பிரிவாக இது வந்தது. முன்னின்று கொண்டுவந்தவர் அப்போது செனட்டராக இருந்த ஜான் ஆஷ்கிராஃப்ட். ‘சாரிட்டபிள் சாய்ஸ்’ என்பது அந்தப் பிரிவின் புழக்கப் பெயர். ஏழைக் குடும்பங்களுக்கான ‘டானிஃப்’ உதவித் திட்டத்தின் பணம், அதிலிருந்து நடக்கும் வேலை தேடல், பயிற்சி வகுப்புகள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

புஷ் 2001-இல் வந்ததும் இதை எல்லாத் துறைகளுக்கும் விரிக்கச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார். செனட்டில் நகரவில்லை. எனவே நிர்வாக ஆணையாகவே போட்டார். 2002 டிசம்பரில் வந்த 13279-ஆம் எண் ஆணைதான் அடித்தளம். தொழிலாளர் துறை 2004-இல் தன் விதிகளை அதற்கேற்பத் திருத்தியது. அதன் பிறகு 2016, 2020, 2024 என்று ஆட்சிக்கு ஆட்சி விதி திருத்தப்பட்டிருக்கிறது. ‘மத அமைப்பு என்பதற்காகவே ஒதுக்கக் கூடாது, மத அமைப்பு என்பதற்காகவே சலுகையும் காட்டக் கூடாது’ என்ற நடு வாக்கியத்தை மட்டும் யாரும் தொடவில்லை. ஓரங்கள்தான் மாறுகின்றன. அதனால் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கும் விதியை எடுத்துப் படியுங்கள். பழைய கையேட்டை நம்ப வேண்டாம்.

இனி பணம் வரும் இரண்டு வாசல்கள்.

முதலாவது, நேரடி உதவி. அரசோ, உள்ளூர் வேலைவாய்ப்பு வாரியமோ உங்களைத் தேர்ந்தெடுத்து, மானியமாகவோ ஒப்பந்தமாகவோ பணம் தருகிறது. இரண்டாவது, மறைமுக உதவி. இங்கே அரசு உங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. பயிற்சி வேண்டியவர் கையில் ஒரு வவுச்சர் கொடுக்கிறது. அவர் தன் விருப்பப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். பணம் அவர் பின்னால் வருகிறது. 2014-ஆம் ஆண்டின் ‘வியோவா’ என்ற வேலைத்திறன் சட்டத்தில் இந்த வவுச்சருக்குத் தனிநபர் பயிற்சிக் கணக்கு என்று பெயர்.

ஒரே சேவை இந்த இரண்டு வாசலிலும் எப்படி வெவ்வேறாகப் பார்க்கப்படும் என்பதற்கு விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் நடந்த வழக்கைப் போலத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ‘ஃபெய்த் ஒர்க்ஸ்’ என்ற அமைப்பு, போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களைத் தங்கவைத்து, வேலைக்குத் தயார் செய்தது. கிறிஸ்தவ நம்பிக்கை அந்தத் திட்டத்தின் ஒவ்வொரு நாளிலும் கலந்திருந்தது. மாநில அரசு நேரடியாகக் கொடுத்த மானியம் செல்லாது என்று 2002 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே அமைப்புக்குச் சிறைத்துறை வழியாக இன்னொரு பணமும் வந்துகொண்டிருந்தது. அதில் பரோலில் இருப்பவர் தானே அங்கே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார். அது செல்லும் என்றது நீதிமன்றம். 2003-இல் அந்த வட்டாரத்துக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நடத்தியவர்கள் அவர்களேதான், பாடமும் அதேதான். யார் தேர்ந்தெடுத்தது என்ற ஒன்றுதான் வேறு. கிளீவ்லாந்து பள்ளி வவுச்சர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் வகுத்த தர்க்கமும் இதுவே.

நேரடிப் பணம் வாங்கினால் என்ன செய்யக் கூடாது? ஜெபம், வழிபாடு, மத போதனை, மதத்துக்கு அழைப்பது ஆகியவற்றுக்கு அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. அவற்றை நடத்தவே கூடாது என்பதல்ல. வேறு நேரத்தில் அல்லது வேறு இடத்தில், சபையின் சொந்தச் செலவில் நடத்தலாம். வகுப்பு பன்னிரண்டு மணிக்கு முடிகிறது, பன்னிரண்டரைக்கு அதே கூடத்தில் பஜனை என்றால் தவறில்லை. ஆனால் அதற்கு இருக்கலாம், போகலாம் என்பது பயிற்சிக்கு வந்தவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும். வகுப்பைத் தொடங்கும்போதே ‘எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்’ என்றால் அது மீறல். டெக்சாஸில் ஒரு வேலைப் பயிற்சித் திட்டம் அரசுப் பணத்தில் பைபிள் வாங்கியது என்று 2000-இல் வழக்கே தொடுத்தார்கள்.

என்ன வைத்துக்கொள்ளலாம் என்ற பட்டியல் பலரை ஆச்சரியப்படுத்தும். சுவரில் சிலுவை இருக்கலாம், விநாயகர் சிலை இருக்கலாம், பெயரில் ‘புனித’ இருக்கலாம், நிர்வாகக் குழுவில் சொந்த மதத்தவரை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். துணி போட்டுச் சாமியை மூடவேண்டிய தேவை இல்லை. பயந்துபோய் மூடிவைக்கிறவர்களும் உண்டு. அது விதி கேட்காத பணிவு.

வவுச்சர் வழியில் கட்டு இன்னும் தளர்வு. பயிற்சியில் மதம் கலந்திருந்தாலும் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒருவர் தன் வவுச்சரை மதப் பணிக்கான பயிற்சிக்கே பயன்படுத்தலாம் என்றும் தொழிலாளர் துறை விதி இடம் தருகிறது. ஆனால் ‘அப்படியானால் அர்ச்சகர் பயிற்சி தொடங்கலாமே’ என்று உடனே கிளம்ப வேண்டாம். பயிற்சி தருபவர் மாநிலத்தின் தகுதிப் பட்டியலில் இடம் பெற்றிருக்க வேண்டும். அந்த வேலைக்கு அந்த வட்டாரத்தில் தேவை இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். செவிலி உதவியாளர், லாரி ஓட்டுநர் போன்ற வேலைகளுக்குத்தான் இந்த நிபந்தனை எளிதாகப் பொருந்தும்.

இப்போது, அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்: ஆள் எடுப்பது.

பொதுவாக அமெரிக்காவில் மத அமைப்பு தன் மதத்தவரையே வேலைக்கு எடுக்கலாம். 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் அந்த விலக்கைத் தருகிறது. 1987-இல் மார்மன் சபை நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டடப் பராமரிப்பு பார்த்தவரைச் சபை நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று நீக்கிய வழக்கில், அந்த விலக்கு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அரசுப் பணம் வாங்கியதால் மட்டும் இந்த உரிமை போய்விடாது. டானிஃப் பணத்துக்கு 1996 சட்டமே அதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் வியோவா வேறு பாட்டுப் பாடுகிறது. அதன் 188-ஆவது பிரிவு, அந்தப் பணத்தில் நடக்கும் திட்டத்தின் வேலைகளுக்கு ஆள் எடுப்பதில் மத வேறுபாடு பார்க்கக் கூடாது என்கிறது. 1982-இல் ரீகன் காலத்து வேலைப் பயிற்சிச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வரும் தடை இது. 2003-இலும் 2005-இலும் இதைத் தளர்த்தும் மசோதாக்கள் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறின, சட்டமாகவில்லை. 2014 சட்டமும் தடையை அப்படியே வைத்துக்கொண்டது. ஆக, ஒரே கூடத்தில் இரண்டு மேசை. டானிஃப் பணத்தில் உட்காரும் பயிற்சியாளரைச் சபை உறுப்பினராகப் பார்த்து எடுக்கலாம். பக்கத்து மேசையில் வியோவா பணத்தில் உட்காருபவரை அப்படி எடுக்க முடியாது. தடை அந்தத் திட்டத்து ஊழியர்களுக்குத்தான். உங்கள் போதகரையோ குருக்களையோ அது தொடாது. மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தின் கீழ் விலக்குக் கேட்க ஒரு வழி உண்டு. வேர்ல்ட் விஷன் என்ற கிறிஸ்தவ சேவை அமைப்பு பெற்ற 15 லட்சம் டாலர் மானியம் பற்றி அமெரிக்க நீதி அமைச்சகம் 2007-இல் எழுதிய குறிப்பில் பிறந்த வழி அது. ஒவ்வொரு அமைப்பாகப் பார்த்துத்தான் தருவார்கள். என் கருத்து: வக்கீல் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கட்டடம் பற்றியும் அதே 188-ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. வியோவா பணத்தில் பயிற்சி பெறுகிறவர்களை வழிபாட்டு இடத்தைக் கட்டவோ பராமரிக்கவோ வேலைக்கு வைக்கக் கூடாது. தச்சு படிக்கும் பையன்களைக் கூட்டிவந்து ‘கை பழகட்டும்’ என்று கோபுரச் சாரம் கட்டச் சொன்னால் வம்பு. முதன்மையாக வழிபாட்டுக்கு அல்லாத கட்டடத்தைப் பராமரிப்பதற்கு, அந்த அமைப்பு பயிற்சித் திட்டத்தில் பங்கேற்பதாக இருந்தால், சிறு விலக்கு உண்டு.

விண்ணப்ப வேலை அலுப்பானது, ஆனால் சிரமமானதல்ல. கூட்டாட்சி மானியத்துக்கு நேராகப் போவதென்றால் ‘சாம்’ என்ற அரசு இணையதளத்தில் பதிந்து 12 எழுத்து அடையாள எண் வாங்க வேண்டும். இது இலவசம், பணம் கேட்டு வரும் இடைத்தரகர் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். சிறிய சபைகளுக்கு அதைவிட நல்ல வழி, உள்ளூர் வேலைவாய்ப்பு வாரியத்திடம் போய், ஏற்கெனவே ஒப்பந்தம் எடுத்திருக்கும் பெரிய அமைப்பின் கீழ்த் துணை ஒப்பந்தம் கேட்பது. பல ஒப்பந்தங்களில் செலவைக் காட்டிய பிறகுதான் பணம் வரும். இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைக் கையிலிருந்து போட முடியாத சபை இதில் இறங்கினால் உண்டியலைத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.

தனி வங்கிக் கணக்கு கட்டாயம் திறங்கள். 1996 சட்டப்படி, அரசுப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்தால் அந்தக் கணக்குக்கு மட்டுமே அரசுத் தணிக்கை. காணிக்கைக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாம் ஒரே கணக்கில் கலந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு நிதியாண்டில் கூட்டாட்சிப் பணத்தில் 10 லட்சம் டாலரோ அதற்குமேலோ செலவழித்தால் முழுத் தணிக்கை வரும். 2024 அக்டோபருக்கு முன்பு அந்த வரம்பு 7,50,000 டாலர்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. பயிற்சிக்கு வருகிறவர் எந்த மதமோ, மதமே இல்லாதவரோ, அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. வழிபாட்டில் கலந்துகொள்ளாததற்காக வகுப்பில் குறை வைக்கவும் கூடாது. நேரடி நிதியில் நடக்கும் இடத்தில் இதையெல்லாம் எழுத்தில் தர வேண்டும் என்பது 2024 விதி. சபைக்கு வர விருப்பமில்லாத டானிஃப் பயனாளிக்கு, அதே மதிப்புள்ள வேறு இடத்தை மாநிலமே ஏற்பாடு செய்து தர வேண்டும். வியோவா வகுப்பில் மதத்தின் பேரால் ஒதுக்கப்பட்டவர், நடந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள், திட்டத்தின் சமவாய்ப்பு அலுவலரிடமோ தொழிலாளர் துறையின் குடிமை உரிமைகள் மையத்திடமோ புகார் எழுதலாம்.