மோட்டார் பெட்டிக்குள் ஓர் இயங்குதளம்

பெங்களூரு அபார்ட்மென்ட்களில் குடியிருப்பவர்களுக்கு மூன்று வகைத் தண்ணீர் பழக்கம்: காவேரி, போர்வெல், டேங்கர். எது வந்தாலும் சம்ப்பில் விழுந்து, அங்கிருந்து மோட்டார் வழியாகத்தான் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறியாக வேண்டும். 2024 கோடையில் நகரத்தின் போர்வெல்கள் வரிசையாக வற்றின. போர்வெல் வற்றினால் அடுத்த பலி மோட்டார்தான். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர். அது இல்லாமல் ஓடினால் புஷ் தேயும், காயில் கருகும். ரீவைண்டிங் செலவு, மோட்டாரை மேலே தூக்கும் கூலி, இரண்டு நாள் டேங்கர் என்று பில் நீளும்.

அல்சூரில் எங்கள் கட்டடத்துக்கு இதைத் தடுக்கும் ஒரு கண்ட்ரோலர் பெட்டியை நண்பர் ஒருவர் தானே செய்து மாட்டினார். உள்ளே பெரிய சரக்கு எதுவும் இல்லை. மூளையாக ஒரு புளூ பில் பலகை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சுலபமாகக் கிடைக்கும் சாதனம். அதிலுள்ள எஸ்டிஎம்32 ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி. அதன் வேகம் 72 மெகாஹெர்ட்ஸ், நிரல் வைக்க ஃபிளாஷ் 64 கிலோபைட், ராம் 20 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம்கூட இந்த ராமில் அடங்காது. அதோடு மோட்டாரின் கரண்டை அளக்கும் ஒரு சிப், தொட்டியின் மட்டம் பார்க்கும் சென்சார், ஒரு சின்னத் திரை, செய்தி அனுப்ப ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்சான காண்டாக்டரை இயக்க ஒரு ரிலே. அவ்வளவுதான்.

இதற்கு நிரல் எழுத உட்காரும் யாருக்கும் முதலில் தோன்றும் வழி, எல்லா வேலையையும் ஒரே வளையத்தில் வரிசையாகப் போடுவது. கரண்டைப் பார், மட்டத்தைப் பார், திரையில் எழுது, எஸ்எம்எஸ் அனுப்பு, மறுபடி முதலிலிருந்து. வேலை இரண்டு மூன்றுதான் என்றால் இதுவே போதும். சும்மா இயங்குதளத்தைக் கொண்டுவந்து சுமக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஜிஎஸ்எம் இருக்கிறது. டவர் சரியாகக் கிடைக்காத பேஸ்மென்ட்டில் அது பதில் சொல்லப் பத்து நொடியும் ஆகலாம். அந்தப் பத்து நொடியும் வளையம் அங்கேயே நிற்கும். அதற்குள் மோட்டாரின் ரோட்டார் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். கரண்ட் வழக்கத்தைவிட 5, 6 மடங்கு ஏறும். பத்து நொடி கழித்து நிரல் 'கரண்ட் அதிகம்' என்று மிகச் சரியாகக் கண்டுபிடிக்கும். யாருக்கு லாபம்?

இப்படி நேரம் தவறக் கூடாத வேலையை ரியல்டைம் என்பார்கள். அந்தச் சொல்லைப் பலரும் வேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எம்பெடட் உலகில், அதாவது சாதனங்களுக்குள் பொதிந்த கணினிகளின் உலகில், அதற்குப் பொருள் காலக்கெடு. 20 மில்லிநொடிக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய வேலை, வேறு எது நடந்தாலும் அந்தக் கெடுவுக்குள் முடிய வேண்டும். 20 என்ற கணக்கும் சும்மா வந்ததில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஒரு முழு அலை 20 மில்லிநொடி. ஒரு முழு அலையை அளந்தால்தான் கரண்டின் மதிப்பு ஒழுங்காகக் கிடைக்கும்.

இந்தக் கெடுவைக் காப்பாற்றத்தான் சின்ன இயங்குதளங்கள் இருக்கின்றன. நண்பர் எடுத்துக்கொண்டது ஃப்ரீஆர்டிஓஎஸ். ரிச்சர்ட் பாரி 2003-இல் உருவாக்கியது, 2017 முதல் அமேசானின் பராமரிப்பில் இருக்கிறது, இலவசம். அதன் கருவான கெர்னல் ஃபிளாஷில் 6 முதல் 12 கிலோபைட்தான் பிடிக்கும். விண்டோஸ் போல ஐகான், ஃபோல்டர், பாஸ்வேர்ட் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அது செய்வது முக்கியமாக ஒரே காரியம்: இந்தக் கணத்தில் பிராசஸர் யாருக்கு என்று தீர்மானிப்பது.

நிரலைத் தனித்தனி டாஸ்க்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுக்கிறோம். கரண்டைக் கண்காணிக்கும் காவல் டாஸ்க்குக்கு முதலிடம். ஜிஎஸ்எம் நடுவில். திரை கடைசி. விதி எளிது: ஓடத் தயாராக இருப்பவர்களில் உயர்ந்த முன்னுரிமை யாருக்கோ அவரே ஓடுவார். கீழே உள்ளவர் பாதி வரியில் இருந்தாலும் நிறுத்தப்படுவார்.

பாதி வரியில் நிறுத்தினால் அப்புறம் எப்படி விட்ட இடத்திலிருந்து தொடர்வது? பிராசஸருக்குள் ஒரு டைமர் மில்லிநொடிக்கு ஒருமுறை தட்டி எழுப்புகிறது. ரிஜிஸ்டர் என்பது பிராசஸர் கைவசம் எண்களை வைத்திருக்கும் இடம்; ஸ்டாக் என்பது ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ராமில் ஒதுக்கிய இடம். தட்டியதும், ஓடிக்கொண்டிருந்த டாஸ்க்கின் 8 ரிஜிஸ்டர்களைச் சிப் தானாகவே அந்த டாஸ்க்குக்கான ஸ்டாக்கில் போட்டுவிடும். மாற வேண்டும் என்று கெர்னல் முடிவு செய்தால் மீதி 8 ரிஜிஸ்டர்களை அது தன் கையால் அதே ஸ்டாக்கில் வைத்துவிட்டு, எந்த ஸ்டாக் என்று சுட்டும் ஸ்டாக் பாயின்டரை அடுத்த டாஸ்க்கின் ஸ்டாக்குக்குத் திருப்புகிறது. பிறகு அங்கே முன்பு வைத்த எண்களை எடுத்து ரிஜிஸ்டர்களில் நிரப்புகிறது. முடிந்தது. எல்லாம் சில மைக்ரோநொடிகள். நிறுத்தப்பட்ட டாஸ்க்குக்குத் தான் நின்றதே தெரியாது.

இதற்கு விலை ராம். டாஸ்க்குக்கு ஒரு கிலோபைட் ஸ்டாக் என்றால் ஐந்து டாஸ்க்குக்கு ராமில் கால்வாசி போய்விடும். குறைத்துக் கொடுத்தால் ஸ்டாக் வழிந்து பக்கத்து நினைவகத்தை அழிக்கும், நிரல் சம்பந்தமே இல்லாத வேறு இடத்தில் செத்துக் கிடக்கும். அதனால் ஃப்ரீஆர்டிஓஎஸ் ஸ்டாக் முழுவதையும் முதலிலேயே ஒரு குறிப்பிட்ட எண்ணால் நிரப்பி வைக்க வழி தருகிறது. சில நாள் ஓடவிட்டு, அந்த எண் அழியாமல் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் உண்மையான தேவை தெரிந்துவிடும்.

முன்னுரிமை கொடுத்தாயிற்று, இனி காவல் டாஸ்க் தாமதமே ஆகாது என்று நினைத்தால் இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. எம்பெடட் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

நண்பரின் பலகையில் கரண்டை அளக்கும் சிப்பும் திரையும் ஒரே இரட்டைக் கம்பியில், ஐ2சி என்கிற இணைப்பில் இருந்தன. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் குழப்பம். ஆகவே ஒரு பூட்டு. இதற்கு மியூட்டெக்ஸ் என்று பெயர். பூட்டை எடுத்தவர்தான் கம்பியில் பேசலாம், மற்றவர் காத்திருக்க வேண்டும். நியாயம்தான். இப்போது இப்படி நடக்கிறது என்று வைப்போம். திரை டாஸ்க் பூட்டை எடுத்து எழுதத் தொடங்குகிறது. காவல் டாஸ்க் விழிக்கிறது, கம்பி வேண்டும், பூட்டு இல்லை, காத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஜிஎஸ்எம் டாஸ்க் எழுகிறது. பல ஜிஎஸ்எம் லைப்ரரிகள் பதில் வந்ததா, வந்ததா என்று விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ரகம். அதன் முன்னுரிமை திரையைவிட மேல், ஆகவே திரையை ஓரம் கட்டிவிட்டு ஓடுகிறது. திரை ஓடாமல் பூட்டு திறக்காது, பூட்டு திறக்காமல் காவல் அசையாது. கடைசியில், முதலிடத்தில் இருப்பவர் நடுவில் இருப்பவருக்காகக் காத்திருக்கிறார். யாரும் தவறு செய்யவில்லை, விதிப்படிதான் எல்லாம் நடந்தது.

முன்னுரிமை தலைகீழாகும் இந்தக் கோளாறு செவ்வாய்க் கிரகத்திலேயே நடந்திருக்கிறது. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் அங்கே இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல்டைம் இயங்குதளம். வானிலைத் தகவல் சேகரிக்கும் கீழ்மட்ட டாஸ்க் ஒரு பூட்டைப் பிடித்திருந்தது; தகவல் பாதையைக் கவனிக்கும் மேல்மட்ட டாஸ்க் அதற்குக் காத்திருந்தது; நடுமட்ட வேலைகள் புகுந்து ஓடின. மேல்மட்ட டாஸ்க் கெடுவுக்குள் முடிக்கவில்லை என்று கண்டதும் அமைப்பு தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. பொறியாளர்கள் பூமியில் இருந்த, அச்சு அசலாக அதே மாதிரியான இன்னொரு கணினியில் அதே கோளாறை வரவழைத்துப் பிடித்தார்கள். தீர்வு ஏற்கெனவே விஎக்ஸ்வொர்க்ஸில் இருந்தது, ஆனால் அந்தப் பூட்டுக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இங்கிருந்தே மாற்றத்தை அனுப்பி அதை இயக்கினார்கள். ரீசெட் நின்றது.

அந்தத் தீர்வின் பெயர் முன்னுரிமை மரபு. பூட்டுக்காக மேலே இருப்பவர் காத்திருந்தால், பூட்டை வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாக அவருடைய முன்னுரிமையே கொடுக்கப்படும். நம் கதையில் திரை டாஸ்க் சில கணங்களுக்குக் காவல் டாஸ்க்கின் அந்தஸ்தோடு ஓடும். ஜிஎஸ்எம் குறுக்கே வர முடியாது. பூட்டைத் திறந்ததும் அந்தஸ்து போய்விடும். இந்த முறையை 1990-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் கணிதத்தோடு நிறுவியவர்கள் மூவர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாக்ஸ்கி. ராஜ்குமார் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு கார்னெகி மெலன் போனவர். மோட்டாருக்குப் பேர்போன ஊரில் படித்தவரின் யோசனை நம் மோட்டார் பெட்டிக்கும் உதவுகிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் மியூட்டெக்ஸ் என்று உருவாக்கினால் இந்த வசதி கூடவே வரும். பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் பைனரி செமஃபோர் என்ற இன்னொரு வசதியில் வராது. எதை எடுக்கிறோம் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

சரி, அதோடு தீர்ந்ததா? இல்லை. 128-க்கு 64 புள்ளி உள்ள அந்தத் திரைக்கு ஒரு முழுப் படம் 1,024 பைட். ஐ2சி-இல் பைட்டுக்கு 9 துடிப்பு. 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் முழுப் படம் போக 92 மில்லிநொடி. திரை டாஸ்க் பூட்டை எடுத்துப் படம் முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பினால், முன்னுரிமை மரபு இருந்தும் காவல் டாஸ்க் நாலு சுற்று தவறவிடும். வேகத்தை 400 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, படத்தை எட்டுப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டைக்கும் பூட்டை எடுத்துத் திறந்தால், அதிகபட்சக் காத்திருப்பு 3 மில்லிநொடிக்கு இறங்குகிறது. இயங்குதளம் வரிசையைக் கவனிக்கும். பூட்டை எவ்வளவு நேரம் பிடிப்பது என்பது நிரல் எழுதுபவர் பொறுப்பு.

இயங்குதளத்தின் கைக்கே எட்டாத தாமதமும் உண்டு. தொட்டி மட்டத்தின் பதிவை மின்வெட்டிலும் அழியாமல் வைக்க ஃபிளாஷில் எழுதலாம் என்று தோன்றும். இந்தச் சிப்பில் ஃபிளாஷின் ஒரு பக்கத்தை அழிக்க 20 முதல் 40 மில்லிநொடி ஆகும்; நிரலும் அதே ஃபிளாஷில் இருப்பதால் அதுவரை பிராசஸரே நின்றுவிடும். எந்த முன்னுரிமையும் செல்லாது. தவிர, ஒரு பக்கம் சுமார் 10,000 முறை அழிப்பதைத்தான் தாங்கும் என்பது உத்தரவாதம். நிமிடத்துக்கு ஒருமுறை அதே பக்கத்தை அழித்து எழுதினால் ஒரே வாரத்தில் உத்தரவாதம் காலி. நண்பர் மோட்டார் நிற்கும்போது மட்டும், பக்கங்களை மாற்றி மாற்றி எழுத வைத்தார்.

அடுத்து வாட்ச்டாக். இது தனி ஆஸிலேட்டரில் ஓடும் ஒரு டைமர். குறித்த நேரத்துக்குள் நிரல் அதைத் தட்டிக்கொடுக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்துவிடும். இதை டைமர் இன்டரப்ட்டில், அதாவது டைமர் தட்டும்போதெல்லாம் டாஸ்க்குகளை இடைமறித்து ஓடும் நிரல் துண்டில், தட்டிக்கொடுக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். டாஸ்க் எல்லாம் செத்துப்போனாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டே இருக்கும், வாட்ச்டாக்கும் ஏமாந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு டாஸ்க்கும் 'நான் இருக்கிறேன்' என்று ஒரு குறி போட, எல்லாக் குறியும் விழுந்தால் மட்டும் ஒரு மேற்பார்வை டாஸ்க் தட்டிக்கொடுப்பதுதான் முறை. ரீசெட் ஆகும் அந்த நொடியில் சிப்பின் பின்கள் யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் மிதக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ரிலேயை இயக்கும் பின்னில் தரைக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் அந்த நேரத்தில் மோட்டார் நிறுத்தத்திலேயே இருக்கும். விலை ஒரு ரூபாய்கூட இல்லை.

இதையெல்லாம் லினக்ஸில் செய்ய முடியாதா என்று கேட்கலாம். சாதனத்துக்குப் பெரிய தொடுதிரை, கேமரா, வெப்சர்வர் எல்லாம் வேண்டுமென்றால் லினக்ஸ்தான். இந்த ஊர் அதற்குப் புதிதில்லை. இங்குள்ள இந்திய அறிவியல் கழகப் (ஐஐஎஸ்சி) பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் கைக்கணினி 2000-களின் தொடக்கத்திலேயே லினக்ஸில் ஓடியது. 2024-இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து ரியல்டைம் வசதியும் லினக்ஸின் பிரதான மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு ராம் மெகாபைட் கணக்கில் வேண்டும், எழுந்திருக்கவே சில நொடிகள் எடுக்கும். கரண்ட் போய்ப் போய் வரும் பேஸ்மென்ட்டில் ஒரு மோட்டாரை நிறுத்த அது தேவையில்லை. இரண்டும் வேண்டிய சாதனங்களில் லினக்ஸுக்கு ஒரு சிப், காவலுக்கு இந்த மாதிரி ஒரு சின்னச் சிப் என்று பிரித்துவிடுவார்கள்.

பெட்டியை மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் தருமபுரிக்காரர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாஃப்ட்வேர் இருக்கட்டும் சார், ஸ்டார்ட்டர்ல இருக்கிற ஓவர்லோட் ரிலேயை மட்டும் கழட்டாதீங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அந்த ரிலேக்குள் இருப்பது இரட்டை உலோகப் பட்டை. கரண்ட் ஏறினால் சூடாகி வளைந்து தொடர்பைத் திறந்துவிடும். அதில் நிரல் இல்லை, பூட்டு இல்லை. கொஞ்சம் மெதுவானது, தண்ணீர் இல்லாமல் ஓடும்போது கரண்ட் குறைவதால் அதைக் கண்டுபிடிக்கவும் தெரியாது. அதற்குத்தான் நம் பெட்டி. இப்போது எங்கள் கட்டடத்தில் அந்தத் தொடர்பும் மைக்ரோகண்ட்ரோலரின் ரிலேயும் காண்டாக்டர் காயிலோடு ஒரே தொடரில் இருக்கின்றன. இரண்டில் எது திறந்தாலும் மோட்டார் நின்றுவிடும்.