மாம்பழம், பானை, சைக்கிள்: கட்சிக்கு அங்கீகாரமும் சின்னமும் கிடைப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கட்சிப் பெயரைவிடச் சின்னத்தின் பெயர்தான் வாயில் முதலில் வரும். "இந்தத் தடவை எலைக்கா, சூரியனுக்கா, மாம்பழத்துக்கா?" என்றுதான் டீக்கடையில் கேட்பார்கள். இத்தனை வருடம் சுவரில் பார்த்துப் பார்த்து, சின்னத்தைக் கட்சிக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தேர்தல் ஆணையம் சில நிபந்தனைகளின் பேரில் ஒதுக்கித் தருவதுதான் சின்னம். நிபந்தனை தவறினால் திரும்பப் போய்விடும்.

2014 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் மாம்பழம் சின்னத்தில் நின்று அன்புமணி ராமதாஸ் வென்றார். 2021 சட்டமன்றத் தேர்தலில் பென்னாகரமும் தர்மபுரியும் மாம்பழத்துக்கே கிடைத்தன. ஆனால் இந்த வெற்றிகள் எதுவும் பாமகவுக்குத் தமிழ்நாட்டில் மாநிலக் கட்சி அங்கீகாரத்தை வாங்கித் தரவில்லை. "எங்க ஊர்ல ஜெயிச்ச கட்சிக்கே அங்கீகாரம் இல்லையா?" என்று கேட்டால், கணக்கைப் பார்த்தால்தான் பதில் புரியும்.

முதலில் பதிவு, அதன் பிறகுதான் அங்கீகாரம். இரண்டும் வேறு வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 29ஏ பிரிவின்படி, கட்சி ஆரம்பித்த 30 நாளுக்குள் டெல்லியில் உள்ள தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள 100 உறுப்பினர்களாவது வேண்டும். கட்டணம் 10,000 ரூபாய். அரசியலமைப்புச் சட்டத்துக்கும், சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கும் விசுவாசமாக இருப்போம் என்று கட்சியின் விதிகளிலேயே எழுதியிருக்க வேண்டும். கட்சிப் பெயரைப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்க 30 நாள் அவகாசம் தர வேண்டும். இவ்வளவும் முடிந்தால் 'பதிவு செய்யப்பட்ட, அங்கீகரிக்கப்படாத கட்சி' என்ற நிலை கிடைக்கும். நாட்டில் உள்ள கட்சிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். பதிவு வாங்கிவிட்டுத் தேர்தலில் நிற்காமலே இருந்தால் அதுவும் நிலைக்காது. ஆறு ஆண்டாக எந்தத் தேர்தலிலும் போட்டியிடவில்லை என்று சொல்லி, 2025 ஆகஸ்டில் 334 கட்சிகளையும் செப்டம்பரில் 474 கட்சிகளையும் ஆணையம் பட்டியலிலிருந்து எடுத்தது. கூட்டணியில் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கணக்கில் அவர்கள் அந்தப் பெரிய கட்சியின் வேட்பாளர்கள்தான், சொந்தக் கட்சியின் பெயரில் எதுவும் பதிவாகாது.

இனி அங்கீகாரம். இதற்கான விதிகள் 1968-ஆம் ஆண்டு தேர்தல் சின்னங்கள் ஆணையில் உள்ளன. மாநிலக் கட்சியாக ஐந்து வழிகள் உண்டு, ஏதாவது ஒன்றில் தேறினால் போதும். தமிழ்நாட்டுக் கணக்கில் அவற்றைச் சொல்கிறேன். சட்டமன்றப் பொதுத்தேர்தலில் மாநிலம் முழுவதும் பதிவான செல்லத்தக்க வாக்கில் 6 சதவீதமும் 2 எம்.எல்.ஏ.க்களும் வாங்குவது ஒரு வழி. மக்களவைத் தேர்தலில் 6 சதவீதமும் 1 எம்.பி.யும் வாங்குவது இன்னொன்று. வாக்கு சதவீதம் எவ்வளவு இருந்தாலும் சரி, மொத்த எம்.எல்.ஏ. இடங்களில் 3 சதவீதம் பிடிப்பது மூன்றாவது. 234-க்கு 3 சதவீதம் என்றால் 7 இடம். நான்காவது, 25 எம்.பி. தொகுதிக்கு ஒரு எம்.பி. வீதம் ஜெயிப்பது. 25-க்கு மேல் மிச்சம் இருப்பதற்கும் ஒன்று என்பதால், 39 தொகுதி உள்ள தமிழ்நாட்டில் 2 எம்.பி. வேண்டும். ஐந்தாவது 2011-இல் சேர்ந்தது. ஓர் இடம்கூட ஜெயிக்காவிட்டாலும் 8 சதவீத வாக்கு இருந்தால் அங்கீகாரம் உண்டு.

மாம்பழக் கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். 2014-இல் கிடைத்தது தர்மபுரி ஒரே எம்.பி. இன்னொரு எம்.பி. வேண்டும், இல்லையென்றால் 6 சதவீதம் வேண்டும். இரண்டும் இல்லை. 2021-இல் 5 எம்.எல்.ஏ.க்கள் வந்தார்கள். 7-க்கு இரண்டு குறைவு, வாக்கும் 6 சதவீதத்தைத் தொடவில்லை. ஒரு வட்டாரத்தில் எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் கணக்கு மாநிலம் முழுவதுக்கும்தான். அதே நேரத்தில் வட்டாரக் கட்சிக்கு வாசலை முழுதாக அடைத்துவிடவும் இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் 5 சட்டமன்றத் தொகுதி, கிருஷ்ணகிரியில் 6. இந்த 11-இல் 7 ஜெயித்தால், தமிழ்நாட்டில் வேறெங்கும் கொடியே இல்லாத கட்சிகூட மாநிலக் கட்சி ஆகிவிடலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு எம்.பி. தொகுதிகளையும் பிடித்தாலும் அப்படியே.

அண்மைக்கால உதாரணங்கள் இரண்டு. விடுதலைச் சிறுத்தைகள் 2024-இல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் பானைச் சின்னத்தில் வென்று, 2 எம்.பி. விதியால் அங்கீகாரம் பெற்றது. நாம் தமிழர் கட்சி 2021 சட்டமன்றத் தேர்தலில் 6 சதவீதத்தைத் தாண்டியும் எம்.எல்.ஏ. இல்லாததால் தேறவில்லை. 2024-இல் 8 சதவீதத்தைத் தாண்டியது. ஓர் எம்.பி.கூட இல்லாமலே அங்கீகாரம் வந்துவிட்டது. லட்சக்கணக்கில் வாக்கு வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்காத கட்சிக்கு மதிப்புத் தரும் இந்த ஐந்தாவது விதி நியாயமானது என்பேன்.

தேசியக் கட்சிக்கு அளவுகோல் பெரிது. நான்கு மாநிலங்களில் மாநிலக் கட்சியாக இருப்பது அதில் ஒரு வழி. 2023 ஏப்ரலில் ஆம் ஆத்மி தேசியக் கட்சி ஆனது, திரிணமூல், தேசியவாத காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் மூன்றும் அந்தத் தகுதியை இழந்தன. தளியில் கம்யூனிஸ்டுக்கு வாக்களித்துப் பழகியவர்களுக்கு அன்றைக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சின்னம் போகவில்லை. 2024-இல் அதே கதிர் அரிவாளில் நாகப்பட்டினமும் திருப்பூரும் அவர்களுக்குக் கிடைத்தன.

அங்கீகாரம் போனால் மறுநாளே சின்னம் பறிபோகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2016-இல் விதியைத் திருத்தி, ஒரு தேர்தலில் தவறினாலும் அடுத்த தேர்தல் வரை பொறுத்துப் பார்க்கிறார்கள். அங்கீகாரம் ரத்தானாலும் ஆறு ஆண்டு வரை பழைய சின்னத்தைக் கேட்டுப் பெறச் சலுகை உண்டு.

அங்கீகாரத்தால் என்ன லாபம்? சின்னம் அந்த மாநிலத்தில் அந்தக் கட்சிக்கு மட்டும். வேட்புமனுவை ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்ற கட்சிக்காரருக்கும் சுயேச்சைக்கும் பத்துப் பேர் வேண்டும். 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம், பதிவு மட்டும் உள்ள கட்சிக்கு 20 தான். வாக்காளர் பட்டியல் இலவசமாக வரும், தூர்தர்ஷனிலும் வானொலியிலும் பேச நேரம் கிடைக்கும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் பெயர்தான் மேலே வரும், அடுத்து பதிவு மட்டும் உள்ள கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். "மேல இருந்து ரெண்டாவது பட்டன்" என்று சொல்லி வாக்குக் கேட்பதற்கும், "கீழ இருந்து எண்ணிக்கிட்டு வாங்க" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது வீடு வீடாகப் போனவர்களுக்குத் தெரியும். டெபாசிட் தொகையில் மட்டும் சலுகை இல்லை, எல்லாருக்கும் சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி.

ஒரு கட்சிக்கு மாநில அங்கீகாரம் என்றால் அந்த மாநிலத்தில் மட்டும்தான். இதற்கு நம் எல்லையிலேயே உதாரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் போனால் சைக்கிள் தெலுங்கு தேசத்தின் சின்னம். இந்தப் பக்கம் 2024-இல் தமிழ் மாநில காங்கிரஸ் அதே சைக்கிளில் நின்றது. உத்தரப் பிரதேசத்தில் அது சமாஜ்வாதிக்கு.

சிறு கட்சிகள் அதிகம் தடுக்கி விழுவது பொதுச் சின்னத்தில். பதிவு மட்டும் உள்ள கட்சி தன் எல்லா வேட்பாளருக்கும் ஒரே சின்னம் கேட்கலாம். சட்டமன்றத் தேர்தலில் மொத்தத் தொகுதியில் 5 சதவீதத்திலாவது நிற்க வேண்டும், மக்களவைக்கு இரண்டு தொகுதியிலாவது நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் 5 சதவீதம் என்றால் 12 தொகுதி. ஆக, தர்மபுரி, கிருஷ்ணகிரியின் 11 தொகுதிகளிலும் ஆள் நிறுத்தினாலும் போதாது, மேட்டூரிலோ வேறெங்கோ இன்னொருவரை நிறுத்தித்தான் ஆக வேண்டும். 2024-இல் மதிமுக திருச்சி ஒன்றில் மட்டும் நின்றதால் பம்பரம் கிடைக்கவில்லை, தீப்பெட்டியில் நின்று ஜெயித்தது.

விண்ணப்பத்தை அவையின் பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஏனென்றால் முதலில் கேட்டவருக்கே முன்னுரிமை. நாம் தமிழர் கட்சி முந்தைய தேர்தல்களில் மக்கள் மனத்தில் பதிய வைத்த கரும்பு விவசாயி, 2024-இல் முந்திக்கொண்டு கேட்ட வேறொரு கட்சிக்குப் போனது. அவர்கள் மைக்கில் நிற்க வேண்டியதாயிற்று. எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த விதி எனக்குச் சரியாகப் படவில்லை. கடந்த தேர்தலில் ஒரு சின்னத்தில் கணிசமாக வாக்கு வாங்கியவருக்கு அதை முதலில் கொடுப்பதுதான் வாக்காளருக்குச் செய்யும் மரியாதை. விதி மாறும் வரை, நாட்காட்டியில் ஆறு மாதத்தை முன்கூட்டியே குறித்து வைப்பது ஒன்றே வழி. 2024 ஜனவரி முதல், கடைசி மூன்று ஆண்டின் தணிக்கை செய்த கணக்கையும் முந்தைய தேர்தல் செலவுக் கணக்கையும் சேர்த்துத் தர வேண்டும். ஆடிட்டரைக் கடைசி வாரத்தில் தேடினால் நடக்காது.

புதிதாக ஒரு சின்னத்தை வரைந்து தரவும் கட்சிக்கு உரிமை உண்டு, மூன்று வரை யோசனை சொல்லலாம். மதம், சாதி வாடை இருக்கக் கூடாது. பறவை, விலங்கும் கூடாது. கிருஷ்ணகிரியில் எருது விடும் விழா நடத்தும் இளைஞர்கள் கட்சி கண்டால் காளையைத்தான் கேட்பார்கள், கிடைக்காது. ஒரு காலத்தில் காங்கிரசே இரட்டைக் காளையில் நின்றது. இப்போது பகுஜன் சமாஜின் யானையைப் போல முன்பே கொடுத்தவை மட்டும் தொடர்கின்றன.

எல்லாம் இருந்தும் ஒரு தாளால் கெட்டுப்போவதும் உண்டு. படிவம் ஏ, படிவம் பி என்று இரண்டு. யார் கையெழுத்திட்டு வேட்பாளரை அறிவிப்பார் என்பதை ஏ சொல்லும், இந்தத் தொகுதிக்கு இவர்தான் வேட்பாளர் என்பதை பி சொல்லும். வேட்புமனுவின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் இரண்டும் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில் இருக்க வேண்டும். பேனாவால் போட்ட கையெழுத்து வேண்டும், நகலோ ரப்பர் ஸ்டாம்போ செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் ஒரே முன்மொழிபவரோடு வந்து, பி படிவமும் வராமல் போனால் மனுவே தள்ளுபடி. அதனால் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பத்துக் கையெழுத்தோடு இன்னொரு மனுவையும் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். சுயேச்சைகள் மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் குலுக்கல். 2024-இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழத்தில் நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். அந்த இடத்தில் வாக்காளருக்கு அடையாளம் காட்டியது சின்னம்தான்.

கட்சி உடைந்தால்? அங்கீகரிக்கப்பட்ட கட்சியாக இருந்தால் ஆணையமே விசாரித்து, கட்சி அமைப்பிலும் எம்.எல்.ஏ., எம்.பி.க்களிலும் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்க்கும். 1969-இல் காங்கிரஸ் உடைந்தபோது வந்த வழக்கில், 1971-இல் உச்ச நீதிமன்றம் இந்த முறையை ஏற்றது. சின்னம் பங்காளிகள் பிரித்துக்கொள்ளும் சொத்து இல்லை என்றும் சொன்னது. 1989-இல் இரட்டை இலை முடங்கி, ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் ஜெயலலிதா அணி சேவலிலும் நின்றன. 2017-இல் மறுபடி முடங்கியது, மின்கம்பமும் தொப்பியும் வந்தன. பதிவு மட்டும் உள்ள கட்சிக்கு இந்த விசாரணை விதி பொருந்தாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவும் எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலுக்கு. ஊராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அங்கே கதை வேறு. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் இரண்டும் கட்சி சார்பற்ற தேர்தல். எந்தக் கட்சியில் இருந்தாலும் பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற சுயேச்சைச் சின்னங்களில்தான் நிற்க வேண்டும். ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் உண்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நான்கு வாக்குச்சீட்டைக் கையில் கொடுப்பார்கள். "நம்ம கட்சிச் சின்னத்தையே காணோமே" என்று வெள்ளைச் சீட்டையும் இளஞ்சிவப்புச் சீட்டையும் முத்திரை குத்தாமல் மடித்துப் போட்டுவிட வேண்டாம் என்று வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். அந்த இரண்டு சீட்டிலும் கட்சிச் சின்னம் இருக்காது, ஆளைப் பார்த்து அவருக்குக் கொடுத்த சின்னத்தில்தான் குத்த வேண்டும்.