டைல்ஸை உடைக்கும் முன்: ஷவர் கசிவின் ஊற்றைப் பிடிப்பது எப்படி?

செங்கோட்டையிலும் தென்காசியிலும் சாரல் கட்டிவிட்டால், பாத்ரூமின் பின்சுவரில் தெரியும் ஈரம் மழையுடையதா, குழாயுடையதா என்று சொல்வது கடினம். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் மேல்காற்று நுண்துளிகளை மேற்குச் சுவரில் அறைந்துகொண்டே இருக்கும். அதே சுவருக்குள்தான் ஷவர் குழாயும் ஓடும். பிளம்பர் வந்ததும் கறைக்கு நேரே உளியை வைப்பார். பெரும்பாலும் அது தப்பான இடம்.

காரணம் எளியது. டைல்ஸ் நீரை அதிகம் உறிஞ்சாது. அவற்றின் இடைவெளியில் பூசிய ஒயிட் சிமெண்ட் உறிஞ்சும். உள்ளே போன நீர் டைல்ஸுக்கு அடியிலுள்ள கலவையில் படுத்து நகரும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கலில் ஏறவும் செய்யும். பாத்ரூம் தளத்தைப் பள்ளமாகப் போட்டுச் செங்கல் ஜல்லி நிரப்பியிருந்தால், அது ஒரு மறைவுத் தொட்டி. இன்று குளித்த நீர் இரண்டு நாள் கழித்து நான்கடி தள்ளிச் சொட்டும். ஆகவே எங்கே ஈரம் என்பதைவிட, எப்போது ஈரம் கூடுகிறது என்பதே நல்ல தடயம்.

கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் அந்த பாத்ரூமைப் பூட்டி வையுங்கள். கோட்டைத் தாண்டி ஈரம் வளர்ந்தால் மழை, அல்லது எந்நேரமும் அழுத்தத்திலிருக்கும் குழாய். பிரிப்பதற்கு மாடித் தொட்டியே அளவுகோல். இரவில் மோட்டார் போடாமல், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, ஒரு குச்சியால் நீர்மட்டத்தைக் குறித்து, 8 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 1.1 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 1 செ.மீ. இறக்கம் என்பது சுமார் 9.5 லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் நாளுக்கு 15 முதல் 20 லிட்டர். அதாவது இரவுக்குள் அரை செ.மீ. மட்டும் இறங்கும். ஃப்ளஷ் டேங்கின் வால்வையும் மூட மறக்காதீர்கள், இந்தச் சோதனையைக் கெடுப்பது அதிகமும் அதுதான்.

மட்டம் இறங்கவில்லை என்றால் குழாய் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். சுடுநீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் மிக்சர் குழாயிலிருந்து மேலே ஷவர் வரை போகும் துண்டுக் குழாயில், ஷவரைத் திறந்தால்தான் நீர் ஏறும். அதைத் தனியாகச் சோதிக்க, ஷவர் தலையைக் கழற்றி, அந்த அரை இஞ்ச் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி எண்ட் கேப் போட்டு இறுக்கி, ஷவர் வால்வைத் திறந்து ஒரு மணி நேரம் விடுங்கள். பாத்ரூமில் ஒரு சொட்டு விழாமலே சுவருக்குள் முழு அழுத்தம் நிற்கும். 10 மீட்டர் உயர நீருக்குத்தான் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம். ஒற்றை மாடி வீட்டில் ஷவருக்குக் கிடைப்பது அதில் கால்பங்கு அளவுதான். பிரஷர் பம்ப் இருந்தால் அதை ஓட விட்டே சோதியுங்கள். இங்கே கசியும் இடம் அநேகமாக ஷவர் கை சேரும் வளைவு இணைப்பான எல்போதான். டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி முறுக்கினால் பிளாஸ்டிக் மரை மயிரிழையாக வெடிக்கும்.

அடுத்து வடிகால். தரை நனையாதபடி ஒரு ஹோஸ் வழியாக 20 லிட்டர் நீரை, தரை நீர் வடியும் துளையான நானி டிராப்புக்குள் நேரே ஊற்றுங்கள். கீழே சொட்டினால் டிராப்புக்கு அடியிலுள்ள குழாயோ இணைப்போ. சொட்டாவிட்டால், பாலிதீன் பையில் துணியைத் திணித்து டிராப்பை அடைத்து, தரையில் 2.5 செ.மீ. நீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். சதுர மீட்டருக்கு 25 லிட்டர் பிடிக்கும். பக்கத்தில் ஒரு தட்டிலும் அதே ஆழம் நீர் வையுங்கள். தட்டில் குறைவது ஆவியானது, தரையில் அதற்கு மேல் குறைந்தது தளத்துக்குள் போனது. நீரில் கேசரி பவுடர் கலந்தால் சொட்டின் நிறமே சாட்சி சொல்லும். மஞ்சள்தூள் வேண்டாம்: சிமெண்டின் காரத்தில் அது சிவந்து கறையாகும், மஞ்சளில் சுண்ணாம்பு பட்டுக் குங்குமமாவதுபோல.

தரையில் அதிகம் தோற்பது டிராப்பின் விளிம்பு. பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. சூட்டிலும் குளிரிலும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கி இடைவெளி விடும். தரையும் சுவரும் சேரும் மூலையும் அப்படித்தான் அசையும். அங்கே ஒயிட் சிமெண்டைத் திரும்பத் திரும்பப் பூசுவது வீண்வேலை. பழையதைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, சிலிக்கான் சீலன்ட் போட வேண்டும்.

தரையும் தேறிவிட்டால் சுவர் டைல்ஸ் மட்டும் மிச்சம். ஹேண்ட் ஷவரால் கீழ் வரிசையிலிருந்து மேலே, வரிசைக்கு 15 நிமிடம் நனையுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடுக்கையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது.

சாரல் சந்தேகத்துக்கு, வீட்டின் உட்புறச் சுவரில் ஓரடிச் சதுர பாலிதீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே துளி கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் மேற்புறம் வியர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம், வெளிப்பூச்சைத் தொடத் தேவையில்லை. பழுது பார்த்த பிறகும் சுவர் காய வாரங்கள் பிடிக்கும். ஈரத்தோடு பெயிண்ட் அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும். பென்சில் கோட்டிலிருந்து கறை பின்வாங்கி, சுவர் முழுக்க உலர்ந்த பிறகு, பெயிண்டுக்கு அடியில் பூசும் பட்டியைத் தொடுங்கள்.