சைட்டேஷன்: மேற்கோளா, சுட்டலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், தோட்ட லயத்தில் பிறந்து டெங்கு ஆய்வில் முனைவர் ஆனவள், திருவிழாவுக்கு ஊர் வருகிறாள். கோயில் மண்டபத்தில் பேனர் கட்ட ஏற்பாடு. எழுதித் தரும் வேலை என் தலையில். அவளுடைய விவரத்தைக் கைப்பேசியில் அனுப்பியும் மனம் கேட்காமல் அவள் அப்பாவே நேரில் வந்துவிட்டார். "வாத்தியாரே, 'சைட்டேஷன் 312'ன்னு போட்டிருக்கா. சம்மன் கிம்மன் ஏதும் இல்லையே?"

சிரித்துவிட்டேன். அவள் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் 312 முறை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்புறம்தான் உறைத்தது, மனிதர் பாதி சரியாகத்தான் கேட்டிருக்கிறார். லத்தீனில் 'சிட்டாரே' என்றால் கிளப்பி விடுதல், அழைத்தல். வழக்குமன்றத்துக்கு ஆளை வரச் சொல்லும் அழைப்பாணைக்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் சைட்டேஷன் என்று பெயர். ஆளைச் சாட்சிக்கு அழைப்பதுபோல, எழுதுகிறவர் முன்னோரின் நூலைச் சாட்சிக்கு அழைத்தார். பொருள் அப்படி நகர்ந்தது.

எண்ணும் பழக்கமும் வழக்குமன்றத்து வழிதான். 1873-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்குகளில் எடுத்துக் காட்டினார்கள் என்று பசைத்தாளில் அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் அதைச் சட்டப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இந்த முறையைப் பார்த்துத்தான் யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் அறிவியல் கட்டுரைகளுக்கும் அப்படியொரு அட்டவணை வேண்டும் என்று எழுதினார். 1964 முதல் அது தொடர்ந்து வெளிவந்தது. இன்று ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் காட்டும் எண்ணுக்கு அதுதான் பாட்டன்.

சரி, தமிழில் என்ன? பலரும் எழுதுவது 'மேற்கோள்'. நல்ல சொல்தான். கொள் என்ற வினை நீண்டு கோள் ஆனது. கோள் என்றால் கொண்ட கருத்து. பிறர் கருத்தை எடுத்துச் சொல்வதை நன்னூல் 32 உத்திகளுள் ஒன்றாக வைத்து 'பிறன்கோட் கூறல்' என்கிறது. ஆனால் மேற்கோள் எப்போதும் இன்றைய பொருளில் இருந்ததில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரிசை வரும். அங்கே மேற்கோள் என்பது ஆசிரியர் தாமே நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. இன்றோ அடுத்தவர் வாக்கு. முழுக்கத் தலைகீழ்.

எனக்கு இடிப்பது வேறு இடம். மேற்கோள் என்றதும் நம் காதில் விழுவது திருக்குறள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துவைக்க வேண்டும், வைப்பவர் அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவ ஆய்விதழில் இரண்டுமே கட்டாயமில்லை. வரியின் ஓரத்தில் சின்னதாக ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். அந்த எண் மறுப்பதற்காகவும் இருக்கலாம்.

நம் ஆட்களைத் தொட்ட கதை ஒன்றே இதற்குப் போதும். நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907-இல் புத்தகமே போட்டார். அரிசியைக் கைகாட்டியது சரி. ஆனால் பழைய அரிசியில் உண்டாகும் நச்சுதான் காரணம் என்றார், அது தப்பு. கோலாலம்பூர் ஆய்வுக்கழகத்தின் ஃப்ரேசரும் ஸ்டான்டனும் 1909 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்துதான் விஷயம் என்று தெரிந்தது. பிற்பாடு அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. பெரிபெரி வரலாற்றில் இன்றும் பிராடன் பெயர் வரும், தப்பையும் சேர்த்தே. அதை எப்படி மேற்கோள் என்பது?

ஆகவே என் ஓட்டு 'சுட்டல்'. அ, இ என்று விரல் நீட்டுவதைத்தானே சுட்டெழுத்து என்கிறோம்? அதோ அங்கே இருக்கிறது, போய்ப் பார் என்பதோடு சரி. பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. 'தொகுத்துச் சுட்டல்' என்று அதே நன்னூல் உத்திகளில் இருப்பதால் நான் புதிதாகக் கட்டிய சொல்லும் அல்ல. ஒரே சங்கடம், பிறர் எழுதியதைத் திருடினாலும் 'சுட்டுட்டான்' என்கிறோம்.

கூட்டாளிச் சொற்களில், இம்பேக்ட் ஃபேக்டருக்குச் சொல்லும் 'தாக்கக் காரணி' எனக்குப் பிடிக்காது. ஓர் இதழின் முந்தைய 2 ஆண்டுக் கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற சுட்டல்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது அது. காரணமும் இல்லை காரணியும் இல்லை, வெறும் சராசரி. 'சுட்டல் சராசரி' போதும். 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்ன எச்-குறியெண் ஆளுக்கானது. 5 கட்டுரைகளுக்கு முறையே 40, 12, 5, 4, 1 சுட்டல் என்றால் குறியெண் 4, ஏனென்றால் 4 கட்டுரைகளுக்குக் குறைந்தது 4 சுட்டலாவது இருக்கிறது.

தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிய மனிதருக்கு, அவள் அப்பாவுக்கு, இது சட்டென்று பிடிபட்டது. "அவளே அவ கட்டுரையைச் சுட்டிக்கிட்டா?" என்றார். அந்தக் காலத்தில் எடை கூடட்டும் என்று வாளியில் தண்ணீர் ஊற்றுவார்களாம். கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், கொஞ்சம் பாலை எடுத்து மெட்ரோலேக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிடுவார். அது அமிழ்கிற அளவைப் பார்த்தே ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். சொந்தச் சுட்டலைக் கழித்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் ஆய்வுலகிலும் உண்டு என்றேன். திருப்தியாகிவிட்டார்.

'312 முறை சுட்டப்பட்ட ஆய்வாளர்' என்று எழுதிக் கொடுத்தேன். திருவிழாவுக்கு முதல் நாள் மாலை பேனர் வந்தது. விரித்துப் பார்த்தால் ஓர் 'ட்' காணோம்: '312 முறை சுடப்பட்ட ஆய்வாளர்'. 1948-இல் தோட்டத் துரைமார் 3 பேரைச் சுட்டுக் கொன்று, அதனால் மலாயாவில் அவசரகாலமே வந்த ஊர் இது. அவள் அப்பா ஒன்றும் பேசாமல் போய் வெள்ளை டேப்பும் மார்க்கர் பேனாவும் கொண்டுவந்தார். விடுபட்ட எழுத்தை நான்தான் எழுதி ஒட்டினேன்.